நாற்பத்தோராம் வரி

"இது என்னா சிஸ்டர், பென்சில்ல?"

கர்ப்பிணிகள் பதிவேட்டின் நாற்பத்தோராவது வரியில் வைத்திலிங்கத்தின் விரல் நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்தான் புள்ளியியலாளர். சுற்றுவட்டாரத் துணை நிலையங்களின் நர்ஸுகள் எழுதிக்கொண்டு வருவதையெல்லாம் ஒன்றாக்கி மாதாமாதம் கடலூருக்கு அனுப்புகிறவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தே எந்த நர்ஸ் அன்றைக்குத் தலைவலியோடு எழுதினாள் என்று சொல்லிவிடுவார் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

வாய்க்கால்மேட்டுப் பக்கத்துத் துணை நிலைய நர்ஸ் ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"நாப்பது மை. நாப்பத்திரெண்டு மை. நடுவுல இது மட்டும் பென்சில். பொன்னி, கணவர் மணிவண்ணன், வாய்க்கால்மேடு. தேதி ஆகஸ்ட் இருவத்தொம்பது."

"அது என் பழக்கம் சார்."

"என்னா பழக்கம்?"

"மூணு மாசம் ஆவுற வரைக்கும் வூட்டுல வாயத் தொறக்க மாட்டாங்க சார். நமக்குத் தெரிஞ்சிடும். கொமட்டிக்கினு நிக்கறதப் பாப்போம், கடையில புளிப்பு மிட்டாய் வாங்கறதப் பாப்போம். போயி கேட்டா சண்டைக்கு வருவாங்க. அதனால பென்சில்ல ஒரு வரி புடிச்சி வச்சிக்குவேன். அவுங்களா வந்து சொன்னதும் அது மேலயே மை போட்டுடுவேன்."

"இந்தப் பொண்ணுக்கு அன்னிக்கே அஞ்சாம் மாசம்."

"ஆமா சார்."

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே கார்த்திகை மழை பிடித்திருந்தது. தடுப்பூசிக்கு வந்தவர்கள் வராந்தாவில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப ஒனக்குத் தெரியும். அது அம்மா வூட்டுலதான் கெடந்துச்சின்னு."

சிஸ்டர் என்பது போய் ஒனக்கு என்று ஆனதை அவள் கவனித்தாள்.

பொன்னி இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. ஏழாம் மாதம். இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கால் புஸுபுஸுவென்று வீங்கியிருந்தது. அம்மா பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் களை எடுக்கப் போனாள். பத்து மணிக்கு வந்து பார்த்தபோது பெண் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். நெல் மூட்டை ஏற்றும் வண்டியில் போட்டுச் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார்கள். புவனகிரி ரோட்டைத் தொடுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. வயிற்றில் இருந்ததும்தான்.

ரத்த அழுத்தம் என்று ஒன்று அவளுக்குக் கடைசியாகப் பார்த்தது ஆடி மாதத்தில், குறிஞ்சிப்பாடிக்கு அந்தப் பக்கம் இருந்த புருஷன் ஊரில். அந்த ஊர் நர்ஸ் அதற்குப் பிறகு சிவப்பு மையில் 'தாய்வீடு சென்றார்' என்று எழுதி வரியை முடித்துவிட்டாள். தாய்வீட்டு நர்ஸின் பதிவேட்டில் 'வந்தார்' என்று யாரும் மையில் எழுதவில்லை. சென்றார் என்பதற்கும் வந்தார் என்பதற்கும் நடுவில் பத்து வாரம்.

"நாளன்னிக்கு கடலூர்ல கூட்டம்," என்றார் வைத்திலிங்கம். "ஜில்லாவுல பிரசவத்துல ஒரு உசுரு போனா சொந்தக்காரங்களையே கூட்டியாந்து ஒக்கார வச்சி கேக்கறாங்க இப்ப. மாப்ள ஒரு மனு குடுத்திருக்கான். அம்மா ஊரு நர்ஸு வூட்டுப் பக்கமே வரலன்னு."

"நான் போனேன் சார். ரெண்டு வாட்டி. டைரியில எழுதியிருக்கேன். மாமியா வூட்டுல இருக்கறதா தாய் சொன்னாங்கன்னு."

"டைரி நீ எழுதுனது. அந்தம்மா வாயால சொல்லணும். நர்சு வந்தாங்க, நாந்தான் இல்லன்னு சொல்லிட்டேன்னு. சொல்லிட்டா ஒன்மேல ஒண்ணும் இல்ல. வரலன்னு சொல்லிட்டா மெமோ. ஆனா இது இருக்கு பாரு, இந்தப் பென்சிலு..." அவர் குரலைத் தாழ்த்தினார். "இத எவனாவது பாத்தான்னா கதையே வேற. தெரியாம வுட்டா கவனக்குறைவு. தெரிஞ்சி வுட்டா சஸ்பெண்டு. அதுக்கு மேலயும் போவும். பதினாறு வருச சர்வீசு."

"அதுக்கு?"

"வூட்ல புள்ள ரப்பர் வச்சிருக்கும்ல?"

"அந்த எடத்துல என்னா எழுதறது?"

"எதாவது ஒரு பேரு. வரி காலியா இருக்கக் கூடாது, தெரியுமில்ல."

பதிவேட்டை மூடி அவளிடம் நீட்டினார். பிறகு அடுத்த நர்ஸைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் ஜோதிலட்சுமி மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்தாள். பெயர் சீக்கிரம் போய்விட்டது. ஊர் பெயர் போகவில்லை, மை போல அழுத்தி எழுதியிருந்தாள். தாள் பஞ்சுபோல் கிளம்பும்வரை தேய்த்தாள். இன்னொரு பெயர் எழுதப் பேனாவைத் திறந்தாள். எழுத வரவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

*

மறுநாள் வாய்க்கால்மேட்டுக்குப் போனபோது பொன்னியின் அம்மா சின்னப்பிள்ளை வாசலில் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒரு மாதத்தில் கழுத்து எலும்பு இரண்டும் வெளியே வந்திருந்தது. புருஷன் பக்கிரி நடவு வேலைக்குப் போயிருந்தான்.

"வாங்க நர்சம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாங்க்கா. நாளைக்கு கடலூர் போவணும், சேதி வந்திச்சா?"

"தலையாரி வந்து சொன்னாரு. எதுக்கு? பொணத்த எரிச்சாச்சி. இனிமே போயி என்னாத்தச் சொல்றது?"

"என்னா நடந்துச்சின்னு கேப்பாங்க. நடந்தத சொல்லணும்."

"மாப்ள வருவாரா?"

"வருவாரு."

சின்னப்பிள்ளை முறத்தைத் தட்டினாள். உமி அவள் காலடியிலேயே விழுந்தது.

"அவுரு முன்னால எப்பிடி சொல்வேன்? ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சி வந்து நின்னா நர்சம்மா. ஆடி கடைசியில. ஒரு மஞ்சப்பையி, மாத்துத்துணி ரெண்டு. என்னாடின்னா, இனிமே போவ மாட்டேம்மான்னா. வளகாப்பு போடறதுக்கு முன்னாடி பையத் தூக்கிக்கினு வந்தான்னு தெருவுல தெரிஞ்சா வாழாவெட்டின்னுதான பேசுவாளுவ? பெரியவங்கள வச்சி பேசி முடிச்சிடலாம், அப்புறம் மொறையா வளகாப்பு போட்டு, பூ வச்சி, எல்லாரும் பாக்க கூட்டியாந்துட்டா யாருக்கும் தெரியப் போறதில்லன்னு நெனச்சேன். ரெண்டு மாசந்தான. உள்ளயே இருடின்னு சொன்னேன். கொல்லைக்கிப் போறதுகூட விடியறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுவா."

"நான் வந்தப்ப..."

"நீங்க வந்தப்ப கதவுக்கு பின்னாலதான் நின்னா."

ஜோதிலட்சுமி பின்பக்கத்து மூங்கில் கொடியைப் பார்த்தாள். இன்று அதில் பக்கிரியின் வேட்டி மட்டும் நனைந்து தொங்கியது.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. ஊசி போட்டு முடித்துவிட்டு வந்திருந்தாள். இதே இடத்தில் நின்று கேட்டாள்.

"பொன்னி எப்பிடிக்கா இருக்கா?"

"அவளுக்கென்னா. மாமியா வூட்ல மகராசியா இருக்கா."

"வாந்தியெல்லாம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சின்னு சொன்னா. போனு பண்ணி."

அப்போது கொடியில் பச்சை ரவிக்கை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து இடம் விட்டிருந்தார்கள். வெயில் படாமல் மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புதுசாக, அடர் பச்சையாக, இரண்டு பக்கமும் பட்டை போட்டதுபோல் தெரிந்தது. சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு பேர் அந்த ரவிக்கையில் நுழையலாம். அந்த வீட்டில் வேறு பெண் இல்லை. ஜோதிலட்சுமி பார்த்தாள். பார்த்ததைச் சின்னப்பிள்ளை பார்க்கவில்லை, மோர் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

மோரைக் குடித்துவிட்டு, "வளகாப்புக்கு என்னையும் கூப்புடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளும் இந்தப் பக்கத்துக்காரிதான். ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உள்ளே இருக்கிறாள் என்றால் அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் அந்த அம்மா முகம் என்ன ஆகும் என்று தெரியும். ஏழாம் மாதம் வளையல் அடுக்கினதும் அவர்களே அழைத்துக்கொண்டு வருவார்கள். அதுவரை பென்சிலில் ஒரு வரி இருக்கட்டும்.

புரட்டாசியில் இன்னொரு முறை வந்தாள். அதே கேள்வி, அதே பதில். உள்ளே யாரோ இருமலை அடக்கினார்கள்.

சின்னப்பிள்ளை முறத்தைக் கீழே வைத்தாள். "நர்சம்மா?"

"சொல்லுங்கக்கா."

"இல்லன்னு நான் சொல்லாம இருந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்கல்ல?"

"காலம்பற ஏழு மணிக்கு வர்றேங்க்கா. கீரப்பாளையத்துலேர்ந்து பஸ்ஸு. தயாரா இருங்க."

*

சிதம்பரத்தில் இறங்கிக் கடலூர் பஸ்ஸில் ஏறும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஜோதிலட்சுமியே டிக்கெட் எடுத்தாள். சின்னப்பிள்ளை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சம்பா நடவு தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

"பையில என்னாக்கா?"

"அவ சீட்டு. புருசன் ஊருல குடுத்த அட்டை. கேப்பாங்களோ என்னமோ."

"கேட்டா குடுங்க."

"நான் என்னா சொல்லணும் நர்சம்மா? நீங்க சொல்லிக் குடுங்க. நான் படிக்காதவ."

ஜோதிலட்சுமி இதற்காகத்தான் அவளைத் தனியாக அழைத்து வந்தாள். ஜீப்பில் போகலாம் என்று வைத்திலிங்கம் சொன்னபோதும் பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். டிக்கெட்டுகளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் வூட்டுக்கு வந்தேனா இல்லையான்னு கேப்பாங்க."

"வந்தீங்களே."

"அதச் சொல்லுங்க போதும்."

"நீங்க வரலன்னு மாப்ள எழுதிக் குடுத்திருக்காராமே. தலையாரி சொன்னாரு. நான் வந்தாங்கன்னு சொன்னா, அப்ப ஏன் காட்டலன்னு கேப்பாங்க இல்ல?"

"கேப்பாங்க."

"காட்டாததுனாலதான் செத்தான்னு ஆயிடும்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"வரலன்னு சொல்லிட்டா?"

ஜோதிலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டா எனக்கு வேலைக்கு ஆபத்துக்கா."

"ஒங்களுக்கு ரெண்டும் பொண்ணுதான?"

"ரெண்டும் பொண்ணு."

சின்னப்பிள்ளை மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். முன் சீட்டில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டு வந்தான்: "மச்சான், இந்த மழ இன்னும் ரெண்டு நாளு புடிச்சா நம்ம நெலத்துல மீனுதான் புடிக்கலாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் வரும்வரை அவர்கள் பேச்சு மட்டும்தான் கேட்டது.

*

கூட்டம் நடந்த அறையில் நீள மேசை போட்டு ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் மைக் வைத்திருந்தார்கள். டாக்டர்கள், துணை இயக்குநர் அலுவலகத்தார், நர்ஸுகள். சுவரோரம் சொந்தக்காரர்கள். அந்த மாதம் ஜில்லாவில் நாலு பேர் இறந்திருந்தார்கள். பொன்னியுடையது மூன்றாவது. முதல் இரண்டு குடும்பத்தையும் கேட்டு முடித்தபோது டீயும் பிஸ்கட்டும் வந்தது. சின்னப்பிள்ளை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

எதிர்ச் சுவரோரம் மணிவண்ணன் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை. தாடி விட்டிருந்தான்.

தலைமை வகித்தது ஒரு பெண் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. அதுவே ஜோதிலட்சுமிக்குப் பயமாக இருந்தது.

"நீங்கதான் பொன்னியோட அம்மாவா? மைக்க கிட்ட இழுத்துக்குங்க. யாரையும் தண்டிக்கறதுக்காகக் கேக்கல. இன்னொரு பொண்ணு இப்படிப் போகக்கூடாதுன்னுதான் கேக்கறோம். என்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தாங்க?"

"ஆடி கடைசிங்க."

"அதுலேருந்து இறக்கற வரைக்கும் உங்க வீட்டுலதான் இருந்தாங்க. அந்த ஊரு நர்ஸ் வீட்டுக்கு வந்தாங்களா? உங்க மருமகன் வரவே இல்லன்னு மனு குடுத்திருக்கார்."

சின்னப்பிள்ளை தலையைத் தூக்கினாள். மணிவண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதிலட்சுமி மடியில் இருந்த பதிவேட்டின் அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வந்தாங்க."

"எத்தனை தடவை?"

"ரெண்டு வாட்டி. எம்பொண்ணு எப்பிடி இருக்கான்னு கேட்டாங்க. நாந்தான் இல்லன்னு சொல்லிட்டேன். மாமியா வூட்ல இருக்கான்னு சொல்லிட்டேன்."

அறையில் பேனாக்கள் எழுதும் சத்தம் கேட்டது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் உதட்டைக் கடித்தாள். மணிவண்ணன் இப்போது தரையைப் பார்த்தான். அவன் அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. பெத்த பொண்ண ஏன் மறைச்சி வைக்கணும்?"

"கண்ணு பட்டுடும்னு."

"என்னது?"

"தலச்சன் புள்ளைங்க. அழகா இருப்பா. வவுத்த பாத்தா எவளாச்சும் கண்ணு போட்டுடுவான்னு... வெளிய காட்டல."

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அங்கிருந்த எல்லாருக்கும் அது விளங்கியது. அப்படி ஒரு காரணத்தை அவர்கள் முன்பும் கேட்டிருந்தார்கள். அதற்குப் படிவத்தில் இடம் இருந்தது. வீட்டில் ஆன தாமதம் முதல் தாமதம், வண்டி கிடைக்காத தாமதம் இரண்டாவது, ஆஸ்பத்திரியில் ஆன தாமதம் மூன்றாவது. துணை இயக்குநர் அலுவலகத்துக்காரர் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். எதிரே 'குடும்பத்தார் மறைத்தனர், மூடநம்பிக்கை' என்று எழுதினார்.

"அந்த ஊருல விழிப்புணர்வு நாடகம் ஒண்ணு போடுங்க. கண்ணு திருஷ்டின்னு சொல்லி ஒரு உயிர விட்டிருக்காங்க. நர்ஸ் யாரு? எழுந்திரிங்க."

ஜோதிலட்சுமி எழுந்தாள்.

"உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

வைத்திலிங்கம் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மேடம்."

"பதிவேட்டக் குடுங்க."

பதிவேடு கைமாறிக் கைமாறி மேசையின் தலைமாட்டுக்குப் போனது. அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார்.

"நாப்பத்தொண்ணு ஏன் காலியா இருக்கு?"

"தவறுதலா விட்டுட்டேன் மேடம்."

"தாளே தேஞ்சி போயிருக்கு?"

"வேற ஒரு பேரத் தப்பா எழுதி... அழிச்சிட்டேன்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் உதவியாளர் நாலாவது கோப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டார்.

"பதினாறு வருஷ சர்வீஸ்ங்கறாங்க. பதிவேட்டுல வரி விடக்கூடாதுன்னு தெரியாதா? இனிமே இப்படி இருக்கக் கூடாது."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான். அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் மணிவண்ணன் பின்னாலேயே வந்தான்.

"அத்த."

சின்னப்பிள்ளை நின்றாள்.

"டீ எதாவது குடிக்கிறீங்களா?"

"வேணாந் தம்பி," என்றாள். மாப்ள என்று சொல்லவில்லை. அவனுக்கு அது புரிந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு வேறு பக்கமாக இறங்கிப் போனான்.

படிக்கட்டில் வைத்திலிங்கம் எதிர்ப்பட்டார். "முடிஞ்சிது சிஸ்டர். நிம்மதியா போயிட்டு வாங்க. அந்த வரியில மட்டும் ஒரு பேர எழுதி வச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் தேடிப் போனார். மறுபடி சிஸ்டர் ஆகியிருந்தாள்.

*

பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டி இன்னும் வரவில்லை. மழை விட்டு விட்டுத் தூறியது. இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னப்பிள்ளை கையில் அந்த பிஸ்கட் இன்னும் இருந்தது, நமுத்துப் போய்.

"ஒங்களுக்கு ஒண்ணும் வராதுல்ல நர்சம்மா?"

"வராதுக்கா."

"அது போதும். ஒரு பொண்ணு போனதோட போவட்டும். ஒங்க பொண்ணுங்க நடுத்தெருவுல நிக்கணுமா?"

"நீங்க ஏங்க்கா உண்மையச் சொல்லல? அவரு அடிச்சதச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா எழுதிக்குவாங்க. செத்தவ பேருல வாழாவெட்டின்னு எழுதி ஆபீசுல வச்சிக்குவாங்க. கண்ணு பட்டுச்சின்னு எழுதுனா எழுதிட்டுப் போறாங்க. அது எம்மேல வர்ற பேரு. எனக்கென்னா."

பழம் விற்கிறவள் வந்து கூடையை இறக்கினாள். கொய்யா, கொய்யா என்றாள். இரண்டு பேரும் அவளைப் பார்க்காததைக் கண்டு தூக்கிக்கொண்டு போனாள்.

"ஒண்ணு மட்டும் மனச அறுக்குது நர்சம்மா. நீங்க வாசல்ல நிக்கறீங்க. அவ கதவுக்கு அந்தப்பக்கம். ஒரு கதவு. நான் தொறந்து வுட்டிருந்தா நீங்க கையில அந்தப் பட்டையச் சுத்தி பாத்திருப்பீங்க. மாத்தர குடுத்திருப்பீங்க. ஒங்களுக்குத் தெரியாம பண்ணிட்டேன். தெரிஞ்சிருந்தா நீங்க வுட்டுருக்க மாட்டீங்க. எங்க வூட்டுக்காரருகிட்டயும் இதத்தான் சொல்லிக்கினு இருக்கேன், அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா வுட்டுருக்க மாட்டாங்கன்னு."

ஜோதிலட்சுமி எழுந்து நின்றாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்னாது?"

"அவ உள்ள இருக்கறது. எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கொடியில பச்ச ரவிக்க கெடந்திச்சி. ரெண்டு பக்கமும் பிரிச்சி வுட்டது. நீங்க மோர் எடுக்க உள்ள போனீங்க. அப்ப பாத்தேன்."

"பாத்துட்டு?"

"கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு... வளகாப்பு ஆனதும் நீங்களே கூட்டியாருவீங்கன்னு நெனச்சேன். பேர மட்டும் பென்சில்ல எழுதி வச்சிருந்தேன். அந்த ஆபீசரம்மா காலியா இருக்குன்னு சொன்னாங்களே, அது அவ வரிதான். முந்தாநாளு அழிச்சேன்."

சின்னப்பிள்ளை கையை நீட்டினாள். எதற்கு என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஜோதிலட்சுமி பையிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். சின்னப்பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. மேலும் கீழும் நீல எழுத்து. நடுவில் தாள் வெளுத்து, நூல் நூலாகக் கிளம்பியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல எம்பொண்ணு பேரு இருந்திச்சா?"

"இருந்திச்சிக்கா."

"எப்ப எழுதுனீங்க?"

"ஆவணியில. பன்னண்டாந் தேதி."

சின்னப்பிள்ளை பதிவேட்டை மூடினாள். அவள் உதடு எதையோ கணக்குப் பார்ப்பதுபோல் அசைந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.

"ஆவணியில அவளுக்குக் கால் வீங்கலியே நர்சம்மா."

"அக்கா..."

"புரட்டாசி கடைசியிலதான் கொலுசு போட முடியலம்மான்னா. ஆவணியில நல்லாத்தான் இருந்தா. நடந்தா, சிரிச்சா. நீங்க பாத்தப்ப நல்லாத்தான் இருந்தா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கணும் நானு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டாவது வாட்டி வந்தீங்க பாருங்க, அன்னிக்கு இன்னொரு தடவ அழுத்திக் கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பேன். யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்திச்சி எனக்கு."

சிதம்பரம் வண்டி வந்து திரும்பியது. கூட்டம் முண்டியடித்தது. சின்னப்பிள்ளை பதிவேட்டைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்துபோய் முன்படியில் ஏறினாள். ஜோதிலட்சுமி அதை எடுத்துக்கொண்டு ஓடிப் பின்படியில் ஏறினாள். நடுவில் ஆட்கள் நின்றார்கள். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் சின்னப்பிள்ளையின் தலை தெரிந்தது, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அவள் பக்கத்தில் இடம் இருந்தது. ஜோதிலட்சுமி போகவில்லை.

காலையில் வந்த அதே வண்டி, அதே கண்டக்டர். முன்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தவன் சின்னப்பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டு, பின்னால் நிற்கிறவளையும் எட்டிப் பார்த்தான்.

"சிதம்பரம் ரெண்டா?"

சின்னப்பிள்ளை மடிமுடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு," என்றாள்.